எல்லை கடந்த பண்டமும் எவரும் இறுக்காத வரியும்

ஐக்கிய அமெரிக்காவிலே வருமான வரி அறவிடும் மாநிலங்கள் பலவற்றின் ஆண்டுப் படிவத்தில், நிரப்புவோர் பெரும்பாலும் கவனியாது கடந்து செல்லும் ஓரிடம் உண்டு. கடந்த ஆண்டில் பிறமாநில வணிகரிடமிருந்து விற்பனை வரி செலுத்தாது வாங்கிய பொருட்களுக்காக மாநிலத்துக்கு இறுக்கவேண்டிய பயன்பாட்டு வரி எவ்வளவு என்று அவ்விடத்திலே கேட்கப்படுகின்றது. அதிலே ஒரு தொகையைக் குறித்தோர் மிகச் சிலரே. பூச்சியமென எழுதியோரும் வெறுமையாக விட்டோருமே பலர். பொய்யுரைக்கும் நோக்கம் அவர்கள் எல்லோருக்கும் இருந்ததென்று கொள்வதற்கில்லை. அப்படியொரு வரி உண்டென்பதையே அவர்களுட் பலர் அறிந்திருக்கவில்லை. 1935ஆம் ஆண்டு தொடக்கம் சட்டத்தில் இருந்துவரும் ஒரு கடமையின் நிலை இதுவாகும்.

ஒரு நாட்டின் சட்டம் தன் மக்களுட் பெரும் பகுதியினரைக் கடனாளிகளாக்கிவிட்டு, அக்கடனை அவர்களிடம் கேளாமலே எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காலங்கழித்தமை வரிவிதிப்பின் வரலாற்றில் ஒரு விநோதமேயாம். இது ஏன் நேர்ந்தது என ஆராயுமிடத்து, வரியை இறுக்கவேண்டியவர் யார் என்னும் வினாவிலும் பார்க்க, அதனை அறவிட்டுக் கொடுக்கவேண்டியவர் யார் என்னும் வினாவே இவ்வரலாற்றை நடத்திச் சென்றமை புலனாகும். முன்னைய வினாவுக்கு 1937இலேயே விடை கிடைத்துவிட்டது. பின்னைய வினாவுக்கு விடை காண 2018 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இவ்விரு விடைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

முதற்கண் இவ்வரியின் இயல்பை விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் விற்பனை வரி மத்திய அரசுக்குரியதன்று. மாநிலங்களுக்கும் அவற்றின் கீழுள்ள உள்ளூராட்சி அமைப்புகளுக்கும் உரியது. இன்று 45 மாநிலங்களும் தலைநகர் அமைந்துள்ள கொலம்பியா மாவட்டமும் அதனை விதிக்கின்றன. அலாஸ்கா, டெலவெயர், மொன்டானா, நியூ ஹம்ப்சயர், ஓரிகன் ஆகிய ஐந்தும் மாநில மட்டத்தில் அவ்வரியை விதிப்பதில்லை. வாஷிங்ரன் மாநிலத்தின் தென் எல்லையில் வாழும் ஒருவர் கொலம்பியா நதியைக் கடந்து ஓரிகனிலுள்ள போட்லண்ட் நகருக்குச் சென்று ஒரு கட்டிலை வாங்கிவருவாராயின் கடையிலே அவர் வரி செலுத்தவேண்டியதில்லை. ஆனால் அக்கட்டில் அவரது வீட்டினுள்ளே வைக்கப்பட்டதும் வாஷிங்ரன் மாநிலத்தின் சட்டம் விழித்துக்கொள்கின்றது. விற்பனை ஓரிகனில் நடந்தது. அதன்மேல் வாஷிங்ரனுக்கு அதிகாரமில்லை. ஆயின் பயன்பாடு வாஷிங்ரனில் நடைபெறுகின்றது; ஆகவே அப்பயன்பாட்டின் மீது, விற்பனை வரிக்குச் சமமான ஒரு வரியை வாங்கியவரே இறுத்தல் வேண்டும். இதுவே பயன்பாட்டு வரி. கட்டிலில் உறங்குவதற்கும் வரியா எனக் கேட்போர் இருக்கலாம். சட்டத்தின் சொற்படி பார்த்தால் விடை ஆம் என்பதே.

இத்தகைய சுற்றுவழி ஏன் வேண்டப்பட்டது? அதற்குரிய காரணம் 1787ஆம் ஆண்டிலே பிலடெல்பியாவில் வகுக்கப்பட்ட அரசியல் யாப்பிற் கிடக்கின்றது. விடுதலைக்குப் பிந்திய சில ஆண்டுகளில் மாநிலங்கள் ஒன்றன் பண்டங்கள் மீது மற்றொன்று தீர்வை விதித்துப் பூசலிட்டமையை நேரிற் கண்டவர்களே அந்த யாப்பை வகுத்தனர். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குசெய்யும் அதிகாரம் கொங்கிரசுக்கு வழங்கப்பட்டது. கொங்கிரஸ் வாய்திறவாதிருக்கும் வேளையிலும் மாநிலங்கள் அவ்வணிகத்துக்கு இடையூறு செய்தலாகாது என்பது நீதிமன்றங்கள் அவ்வாசகத்திலிருந்து காலப்போக்கில் வருவித்துக்கொண்ட பொருளாகும். யாப்பில் எழுதப்படாத இந்த மறைமுகத் தடையே பின்வந்த வழக்குகள் யாவற்றுக்கும் அடித்தளமாயிற்று.

இத்தடை எத்துணைக் கடுமையானதென்பதை 1887இல் தீர்க்கப்பட்ட றொபின்ஸ் வழக்கு காட்டும். ஒகாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரத்து வணிக நிறுவனமொன்றுக்காக, டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரிலே மாதிரிகளைக் காட்டி எழுதுபொருட்களுக்குக் கட்டளை பெற்றுவந்தார் றொபின்ஸ் என்பார். உள்ளூரில் உரிமம் பெற்ற கடையின்றி மாதிரி காட்டி விற்போர் வாரத்துக்கு 10 டொலர், அல்லது மாதத்துக்கு 25 டொலர் செலுத்த வேண்டுமென்பது அவ்விடத்துச் சட்டம். உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை அவருக்கெதிராகச் செல்லாதெனத் தீர்த்தது. தன் மாநிலத்தவருக்கும் அயல் மாநிலத்தவருக்கும் ஒரே வரி விதிக்கப்பட்டிருப்பினும், மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தின்மீது மாநிலம் வரி விதித்தல் இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். சமத்துவம் என்னும் வாதமுங்கூட மாநிலத்துக்குக் கைகொடுக்கவில்லை.

இதே காலப்பகுதியில் அமெரிக்க வணிகத்தில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1872இல் சிக்காகோவிலே ஆரன் மொன்கொமெரி வோர்ட் என்பவர் ஒற்றைத் தாளில் அச்சிட்ட விலைப்பட்டியலோடு தபால்மூல வியாபாரத்தைத் தொடக்கினார். சீயர்ஸ் றோபக் நிறுவனம் அவ்வழியைப் பின்பற்றி அவரையும் விஞ்சியது. 1896இல் நாட்டுப்புற வீடுகளுக்கு இலவசமாகத் தபாலைக் கொண்டுசென்று கொடுக்கும் முறை தொடங்கிற்று. 1913ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பொதித் தபால் சேவை நடைமுறைக்கு வந்தது. வயல்வெளியின் நடுவே வாழ்ந்த கமக்காரன் ஒருவன் தையற் பொறியையும் சப்பாத்தையும் நகரத்து விலைக்கு வீட்டுவாயிலிலேயே பெற்றுக்கொள்ள முடிந்தது. சிற்றூர்க் கடைக்காரருக்கு இது இடியாயிற்று. விலைப்பட்டியல் நூல்களைக் கொணர்ந்து தீயிலிடுமாறு ஊர் மக்களைத் தூண்டிய வணிகரும் இருந்தனர். கடன்கொடுத்தும் நல்லது கெட்டதற்கு உதவியும் ஊரோடு வாழும் கடைக்காரன் ஒருபுறம், முகந்தெரியாத தூரத்து வணிகன் மறுபுறம் என்னும் இப்போட்டி, இணையம் தோன்றுவதற்கு நூறாண்டுகள் முன்னதாகவே தொடங்கிவிட்டமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆயினும் அன்று வரி அப்போட்டியில் ஒரு காரணியாக இருக்கவில்லை. ஏனெனில் பொதுவான விற்பனை வரி என ஒன்று அப்போது இல்லை.

அதனைக் கொணர்ந்தது 1929இற் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தமாகும். மாநிலங்களும் உள்ளூராட்சிகளும் அதுவரை பெரிதும் நம்பியிருந்த ஆதன வரி வீழ்ச்சியுற்றது. நிலத்தின் விலை சரிந்தது. வரி கட்ட இயலாத கமக்காரர் நிலத்தையே இழந்தனர். திறைசேரிகள் வெறுமையாயின. 1932இல் மிசிசிப்பி மாநிலம், ஆளுநர் கொனர் காலத்தில், நூற்றுக்கு 2 என்ற வீதத்தில் விற்பனை வரியை விதித்தது. நவீன சில்லறை விற்பனை வரியின் தொடக்கமாக இதனையே பலர் கொள்வர். 1930களின் இறுதிக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அவ்வழிச் சென்றன. ஏழையின் உப்பிலும் உடையிலும் கைவைக்கும் வரி என்ற கண்டனம் அன்றே எழுந்தது, அக்கண்டனம் நியாயமற்றதன்று. ஆனால் பணந்தேடிய மாநிலங்களுக்கு வேறு வழி எளிதிற் புலப்படவில்லை.

விற்பனை வரி வந்ததும் எல்லை என்பது பொருளுடையதாயிற்று. வரியுள்ள மாநிலத்தவர் வரியற்ற மாநிலத்தில் வாங்கத் தலைப்பட்டனர். அதனைத் தடுக்கும் வேலியாகவே 1935இல் கலிபோர்னியா, வாஷிங்ரன் முதலிய மாநிலங்கள் பயன்பாட்டு வரியை இயற்றின. அவ்வரி அரசியல் யாப்புக்கு ஒவ்வுமா என்னும் வினா, அக்காலத்தின் மாபெரும் கட்டுமானமொன்றின் அடிவாரத்திலிருந்து எழுந்தது. கொலம்பியா நதிக்குக் குறுக்கே கிராண்ட் கூலி அணைக்கட்டை நிறுவிக்கொண்டிருந்த ஒப்பந்தகாரர் புகையிரத இயந்திரங்கள், நீரிறைக்கும் பொறிகள், உருக்குத் தளவாடங்கள் முதலியவற்றைப் பிறமாநிலங்களில் வாங்கி வாஷிங்ரனுக்குக் கொணர்ந்திருந்தனர். போக்குவரத்துச் செலவு உட்பட அவற்றின் பெறுமதி 921,189 டொலர். நூற்றுக்கு 2 வீதம் 18,423 டொலர் வரி கேட்கப்பட்டது. சைலஸ் மேசன் கொம்பனி முதலியோர் வழக்காடினர்.

1937ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நீதியரசர் கார்டோசோ உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதினார். வரி விதிக்கப்படுவது மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தின்மீதன்று. வணிகம் முடிவுற்று, பண்டம் மாநிலத்தின் பொதுவான உடைமைத் திரளோடு கலந்த பின்னர் அதனைப் பயன்படுத்தும் உரிமையின்மீதே என்பது அவர் கொண்ட முடிபு. அன்றியும், பிறமாநிலத்தில் ஏற்கெனவே விற்பனை வரி செலுத்தியிருப்பின் அத்தொகை கழிக்கப்படும் என்று வாஷிங்ரன் சட்டம் கூறியதால், வெளியே வாங்கியவன் உள்ளே வாங்கியவனிலும் கூடுதலான சுமையைத் தாங்குவதில்லை எனவும் அவர் காட்டினார். றொபின்ஸ் வழக்கில் ஏற்றுக்கொள்ளப்படாத சமத்துவம் என்னும் வாதம் ஐம்பது ஆண்டுகளின் பின் வேறோர் உருவத்தில் வெற்றிபெற்றது எனலாம். வரி விதிக்கும் அதிகாரம் பற்றிய வினா இவ்வாறு தீர்ந்தது.

ஆயின் கிராண்ட் கூலி வழக்கு ஒரு வகையில் ஏமாற்றுத் தோற்றந் தருவது. புகையிரத இயந்திரத்தை மறைத்துவைத்தல் இயலாது. அணைக்கட்டும் ஒப்பந்தகாரரும் அவர்தம் கணக்குப் புத்தகங்களும் அதிகாரிகளின் கண்முன்னே இருந்தன. பயன்பாட்டு வரி நன்கு அறவிடப்பட்ட துறைகளை நோக்கினால் எல்லாவற்றுக்கும் இத்தகைய ஒரு வாயில் இருந்தமை தெரியவரும். மோட்டார் வாகனத்தைப் பதிவுசெய்யாது வீதியில் ஓட்ட முடியாது. பதிவுசெய்யும் அலுவலகத்திலேயே வரியும் கேட்கப்பட்டது. பெருநிறுவனங்களின் கணக்குகள் பரிசோதிக்கப்பட்டன. ஆனால் தபாலில் வந்த ஒரு சட்டைக்கும் ஒரு புத்தகத்துக்கும் எந்த வாயில் உண்டு? ஒவ்வொரு வீட்டின் அலுமாரியையும் திறந்து பார்க்க எந்த மாநிலமும் துணியவில்லை. துணிந்திருப்பின் மக்கள் பொறுத்திருக்கவும் மாட்டார்கள். ஆகவே வரியை விற்பவனே வாங்கிக் கொடுக்கட்டும் என்று மாநிலங்கள் கேட்கத் தொடங்கின.

அயோவா மாநிலத்தில் கடைகளை நடத்திய சீயர்ஸ் நிறுவனம், தன் தபால்மூல வியாபாரம் அக்கடைகளோடு தொடர்பற்றதெனக் கூறி வரி அறவிட மறுத்தது. 1941இல் உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 1944 மே மாதத்தில் ஒரே நாளில் வெளியான இரண்டு தீர்ப்புகள் மேலும் சுவையானவை. டென்னசியிலிருந்து பொருள் அனுப்பிய வணிகரிடம் ஆர்கன்சோ மாநிலம் விற்பனை வரி கேட்டது. முடியாது என்றது நீதிமன்றம். மினசோட்டாவிலிருந்து பொருள் அனுப்பிய நிறுவனத்தைப் பயன்பாட்டு வரியை அறவிட்டுத் தருமாறு அயோவா கேட்டது. முடியும் என்றது அதே நீதிமன்றம். இரண்டையும் எழுதியவர் நீதியரசர் பிராங்க்பேட்டர். இரு நிறுவனங்களும் பயண விற்பனையாளரைக் கொண்டே கட்டளை பெற்றன. வரியின் பெயரொன்றே வேறு. வரி விதிக்க அதிகாரமில்லாத ஒருவனை வரி சேகரிப்பவனாக்கும் அதிகாரம் மட்டும் மாநிலத்துக்கு எங்ஙனம் வந்தது என நீதியரசர் ஜக்சன் மறுப்புரையிலே வினவினார்.

அந்த ஜக்சனே பத்தாண்டுகளின் பின் பெரும்பான்மையின் குரலாக அமைந்தார். டெலவெயர் மாநிலத்தின் வில்மிங்ரன் நகரில் மில்லர் சகோதரர் என்னும் தளபாடக் கடை இருந்தது. அயலிலுள்ள மேரிலாந்து மக்கள் அங்கே சென்று வாங்குவர். சிலவேளைகளில் கடையின் சொந்த லொறியே பொருட்களை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுசெல்லும். ஒருநாள் அந்த லொறி மேரிலாந்துக்குள் நுழைந்தபோது, அறவிட்டுக் கொடுக்காத பயன்பாட்டு வரிக்காக அது கைப்பற்றப்பட்டது. 1954இல் இவ்வழக்கு ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் கடைக்காரருக்குச் சார்பாகத் தீர்ந்தது. வரி கேட்கும் மாநிலத்துக்கும் கேட்கப்படுபவனுக்கும் இடையே திட்டவட்டமான ஏதேனும் ஒரு தொடுப்பு இருத்தல் வேண்டும் என்று ஜக்சன் வலியுறுத்தினார். வாடிக்கையாளர் தாமே தேடிவந்தனர். கடைக்காரர் அவர்களைத் தேடி மேரிலாந்துக்குச் செல்லவில்லை. எனினும் 1960இல், அற்லாண்டாவிலிருந்து பேனை விற்ற ஸ்கிரிப்டோ நிறுவனத்துக்கு, புளோரிடாவிலே தரகுக்கு வேலைசெய்த பத்துப் பேர் இருந்தமையே போதிய தொடுப்பாகக் கொள்ளப்பட்டது.

இவ்வாறு அலைந்த எல்லைக்கோடு 1967இல் உறைந்தது. நஷனல் பெலாஸ் ஹெஸ் என்பது மிசூரி மாநிலத்திலிருந்து இயங்கிய தபால்மூல வணிக நிறுவனம். இலினோய் மாநிலத்தில் அதற்குக் கடையில்லை, களஞ்சியமில்லை, முகவருமில்லை. ஆண்டுக்கு இருமுறை விலைப்பட்டியல் நூலையும் இடையிடையே துண்டுப்பிரசுரங்களையும் தபாலில் அனுப்பியது. கட்டளைகளும் தபாலிலேயே வந்தன. நீதியரசர் ஸ்ருவட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, நாட்டிலே விற்பனை வரி விதிக்கும் உள்ளூராட்சிகள் 2,300க்கு மேலிருப்பதையும், அத்தனையின் விதிகளையும் தூரத்து வணிகன் ஒருவன் அறிந்து நடத்தல் அரிதென்பதையும் எடுத்துக்காட்டியது. மாநிலத்தினுள்ளே உடல்சார்ந்த இருப்பு இல்லாத வணிகனை வரி அறவிடுமாறு வற்புறுத்தலாகாது என்பது சட்டமாயிற்று. நீதியரசர் போட்டஸ் மறுப்புரை எழுதினார். பதினைந்து மாதங்களளவில் இலினோயிலே 20 இலட்சம் டொலருக்கு மேல் விற்ற ஒருவன், அம்மாநிலத்தின் சந்தையைச் சுரண்டிக்கொண்டே அதன் சுமையிலிருந்து விலகி நிற்கின்றான் என்பது அவர் வாதம்.

கால் நூற்றாண்டு கடந்தது. காரியாலய உபகரணங்களை விற்ற குயில் நிறுவனத்துக்கு வட டக்கோட்டாவில் ஏறத்தாழ 3,000 வாடிக்கையாளரும், ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் டொலர் விற்பனையும் இருந்தன. அம்மாநிலத்தின் உயர் நீதிமன்றமோ, 1967இன் உலகம் மாறிவிட்டது எனக் கூறி அரசுக்குச் சார்பாகத் தீர்த்தது. 1992 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. ஆனால் நீதியரசர் ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பு ஒரு நுட்பமான வேறுபாட்டைச் செய்தது. குயில் நிறுவனத்திடம் வரி அறவிடக் கேட்பது நீதியான நடைமுறை என்னும் கோட்பாட்டை மீறவில்லை. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைச் சுமைப்படுத்துதல் என்னும் ஒரு காரணத்தாலேயே அது தடுக்கப்படுகின்றது. ஆகவே வேண்டுமாயின் கொங்கிரஸ் இதனை மாற்றலாம். பந்து கொங்கிரசின் முற்றத்தில் விழுந்தது. அங்கே அது இருபத்தாறு ஆண்டுகள் கிடந்தது.

குயில் தீர்ப்பு வெளியானபோது அமெரிக்கருள் நூற்றுக்கு இருவருக்குக் குறைந்தோரே இணையத் தொடர்பு பெற்றிருந்தனர். தபால்மூல வணிகருக்காக வகுக்கப்பட்ட விதி, கணனித் திரையிலே கடை விரித்தவருக்குப் பெருநிதியாகக் கிட்டியது. 1994இல் அமசோன் நிறுவனத்தைத் தொடங்கிய ஜெப் பெசோஸ், கலிபோர்னியாவில் நிறுவனத்தை அமைத்தால் அம்மாநிலத்தின் பெருந்தொகையான மக்களிடமெல்லாம் வரி அறவிட வேண்டிவரும் என்பதைக் கருத்திற் கொண்டே சிறிய மக்கட்டொகையுடைய வாஷிங்ரனைத் தேர்ந்தார். சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே ஆதிக்குடிகளின் ஒதுக்கு நிலமொன்றிலே அதனை அமைக்க இயலுமா எனவும் ஆராய்ந்ததாக 1996இல் அவரே பேட்டியொன்றிற் கூறியுள்ளார். எல்லைக்கோடுகளைக் கணக்கிட்டே வணிகம் வளர்ந்தமைக்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

இணையத்தில் வாங்கினால் வரியில்லை என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியது. 1998இல் கொங்கிரஸ் இயற்றிய இணைய வரிச் சுதந்திரச் சட்டம் இம்மயக்கத்தை மிகுவித்திருத்தல் கூடும். உண்மையில் அச்சட்டம் இணையத் தொடர்புக்கு விதிக்கும் வரியையும் இணைய வணிகத்துக்கு எதிராகப் பாரபட்சங் காட்டும் வரியையுமே தடுத்தது; வாங்கிய பொருளுக்குரிய பயன்பாட்டு வரியை அது தொடவேயில்லை. வரி இருந்தது, இறுக்கவேண்டியவரும் இருந்தார், கேட்பார்தாம் இல்லை. ஊரிலுள்ள கடையிலே பொருளைக் கையிலெடுத்துப் பார்த்து, விற்பனையாளனிடம் விளக்கங் கேட்டு, வீடு சென்று வரியின்றி இணையத்திலே வாங்கும் வழக்கம் பரவியது. வரி வீதம் நூற்றுக்கு 8 அல்லது 9 ஆகவுள்ள இடங்களில் ஊர்க் கடைக்காரன் அத்தொகையளவு பின்தங்கியே போட்டியைத் தொடங்கினான். அவனுடைய கடை வரியிலிருந்தே அவ்வூரின் பாடசாலைக்கும் தீயணைப்புப் படைக்கும் பணம் சென்றது என்பதை எண்ணுமிடத்து, இழப்பு அவனுக்கு மட்டும் உரியதன்று.

அறிந்தே ஏய்த்தோரும் இல்லாமலில்லை. 2002இல் நியூயோர்க்கிலே பெருநிறுவனத் தலைவர் ஒருவர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. பல இலட்சம் டொலர் பெறுமதியுள்ள ஓவியங்களை வாங்கி, அவை விற்பனை வரியற்ற நியூ ஹம்ப்சயருக்கு அனுப்பப்பட்டதாகக் காட்டுவதற்காக வெற்றுப் பெட்டிகள் அங்கே அனுப்பப்பட்டன என்றும், ஓவியங்களோ நியூயோர்க்கில் அவருடைய மாளிகைச் சுவரிலே தொங்கின என்றும் வழக்குத் தொடுநர் கூறினர். செல்வந்தன் வெற்றுப் பெட்டிக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. சாதாரண குடிமகனுக்கு அந்தச் சிரமமும் இருக்கவில்லை.

மாநிலங்கள் வாளாவிருக்கவில்லை. வருமான வரிப் படிவத்திலே பயன்பாட்டு வரிக்கெனத் தனியிடம் ஒதுக்கின. பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையாதவர்களுக்காகச் சில மாநிலங்கள், வருமானம் இத்தனையாயின் பயன்பாட்டு வரி இத்தனையெனக் கொள்ளலாம் என ஓர் அட்டவணையையும் வழங்கின. வாங்கிய பொருளின் மீதான வரி, வாங்குபவனின் வருமானத்தைக் கொண்டு ஊகித்தறியப்படும் நிலைக்கு வந்தமை இவ்வரலாற்றின் நகைப்புக்குரிய கட்டங்களுள் ஒன்று. 2008இல் நியூயோர்க், தன் மாநிலத்திலுள்ள இணையத்தளங்கள் தரகுக்காக வாடிக்கையாளரை அனுப்பிவைப்பின் அதுவே இருப்பாகும் எனச் சட்டமியற்றியது. ஸ்கிரிப்டோவின் தரகர்கள் மீண்டும் தோன்றினர் எனலாம். 2010இல் கொலராடோ வேறு வழியை நாடியது. வரி அறவிடாத வணிகர், தத்தம் வாடிக்கையாளருக்கு அவர்களது வரிக் கடமையை அறிவித்தலும், யார் எவ்வளவுக்கு வாங்கினர் என மாநிலத்துக்குத் தெரிவித்தலும் வேண்டும் என்றது அச்சட்டம். 1949இன் ஜென்கின்ஸ் சட்டம் தபாலில் சிகரெட் விற்போருக்கு இத்தகைய கடமையை ஏற்கெனவே விதித்திருந்தது. எனினும் ஒருவர் எந்தக் கடையில் எவ்வளவு செலவிட்டார் என்பதை அரசு அறிவதைப் பலர் வரியிலும் பார்க்க வெறுத்தனர்.

2013 மே மாதத்தில் மூதவை இணைய வணிகரையும் வரி அறவிடச் செய்யும் சட்டமூலமொன்றை 69க்கு 27 வாக்குகளால் நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அதனை எடுத்துக்கொள்ளவேயில்லை. புதிய வரி விதித்தார் என்னும் பெயரெடுக்க எந்த உறுப்பினரும் விரும்பவில்லை. அது பழைய வரியென விளக்குவதற்கோ தேர்தல் மேடைகளிற் பொழுதில்லை.

கொங்கிரசால் இயலாததை நீதிமன்றமே செய்ய நேர்ந்தது. 2015இல் கொலராடோச் சட்டம் பற்றிய வழக்கொன்றிலே நீதியரசர் கெனடி, குயில் தீர்ப்பை மீளாய்வு செய்தற்குத் தகுந்த வழக்கு வரவேண்டும் எனத் தனியே எழுதினார். அழைப்பைத் தென் டக்கோட்டா ஏற்றது. அம்மாநிலத்தில் வருமான வரியில்லை. பொது நிதியின் நூற்றுக்கு 60க்கு மேற்பட்ட பங்கை விற்பனை வரியும் பயன்பாட்டு வரியுமே தந்தன. ஆண்டுக்கு 480 இலட்சம் தொடக்கம் 580 இலட்சம் டொலர் வரை இழப்பதாக அது மதிப்பிட்டது. ஆண்டுக்கு 100,000 டொலருக்கு மேல், அல்லது 200 கொடுக்கல் வாங்கல்களுக்குக் குறையாமல் மாநிலத்தினுள் விற்போர் அனைவரும் வரி அறவிட வேண்டும் என 2016இல் அது சட்டமியற்றி, வேபெயார், ஓவர்ஸ்டொக், நியூஎக் ஆகிய மூன்று இணைய வணிக நிறுவனங்கள்மீது வழக்கும் தொடுத்தது. உள்ளூர் நீதிமன்றங்களிலே தோற்பதற்கென்றே, தோற்று உயர் நீதிமன்றத்தை விரைவில் அடைவதற்கென்றே அச்சட்டம் யாக்கப்பட்டிருந்தது.

2018 ஜூன் 21ஆந் திகதி, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கிலே, 1967இன் தீர்ப்பும் 1992இன் தீர்ப்பும் கைவிடப்பட்டன. தம் ஓய்வை அறிவிப்பதற்கு ஆறு நாட்கள் முன்னர் கெனடி எழுதிய தீர்ப்பு அது. உடல்சார்ந்த இருப்பென்னும் விதி மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் 800 கோடி முதல் 3,300 கோடி டொலர் வரை இழப்பை விளைவித்தது என்ற மதிப்பீட்டை அவர் காட்டினார். 1992இல் குயில் தீர்ப்புக்கு இணங்கியிருந்த நீதியரசர் தோமஸ், அன்று தாம் தவறியதை ஒப்புக்கொண்டு தனியே எழுதியமையும் குறிப்பிடத்தக்கது.

தலைமை நீதியரசர் றொபேட்ஸ் எழுதிய மறுப்புரை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. முந்திய தீர்ப்புகள் தவறென்பதை அவரும் ஏற்றார். ஆயின் திருத்தவேண்டியது கொங்கிரஸ் என்றார். வரி விதிக்கும் அமைப்புகள் அப்போது 10,000க்கு மேலாகப் பெருகியிருந்தன. நியூ ஜேர்சியில் பின்னல் நூலைக் கலைப்பொருள் செய்ய வாங்கினால் வரியுண்டு, மேற்சட்டை பின்ன வாங்கினால் இல்லை. இலினோயிலே ஒரு வகை இனிப்பு உணவெனவும் மற்றொன்று மிட்டாயெனவும் வெவ்வேறு வரி பெறும். இவற்றையெல்லாம் வீட்டு அறையொன்றிலிருந்து கைப்பணி விற்கும் ஒருவர் எவ்வாறு கற்றுத் தேறுவார் என அவர் கேட்டது நியாயமான கேள்வியே. ஆனால் அதன் மறுபக்கம், பத்தாயிரம் அமைப்புகளின் விதிகளுள் தனக்குரியதை அறிந்து, ஆண்டு முழுதும் வாங்கியவற்றை நினைவிற்கொண்டு, தானே கணக்கிட்டுச் செலுத்த வேண்டுமென ஒவ்வொரு வீட்டாரிடமும் எதிர்பார்த்த பழைய ஏற்பாடாகும். அவ்வேற்பாடு சிறு வணிகனைக் காத்தது உண்மை. ஊர்க் கடைக்காரனைக் காக்கவில்லை. சட்டத்துக்குப் பணிந்து படிவத்தில் உண்மைத் தொகையை எழுதிய அந்தச் சிலரையோ அது ஏமாளிகளாக்கியது. இரண்டையும் சீர்தூக்கின் பெரும்பான்மையின் முடிபே ஏற்புடையதாகத் தோன்றுகின்றது.

தீர்ப்பின் பின் மாநிலங்கள் விரைந்தன. பிறர் பொருளையும் தம் தளத்தில் விற்பிக்கும் பெரு நிறுவனங்களே அவ்விற்பனைகளுக்கும் வரி அறவிட வேண்டும் எனச் சட்டங்கள் வந்தன. 2017 ஏப்ரல் முதலே விற்பனை வரியுள்ள எல்லா மாநிலங்களிலும் தன் சொந்த விற்பனைக்கு வரி அறவிட்டுவந்த அமசோன், ஏனையோர் விற்பனைக்கும் அதனைச் செய்யவேண்டியதாயிற்று. புளோரிடா 2021 ஜூலையிலும், விற்பனை வரியுள்ள மாநிலங்களுள் இறுதியாக மிசூரி 2023 ஜனவரியிலும் இவ்வழிக்கு வந்தன. பெலாஸ் ஹெஸ் நிறுவனத்தின் தாயகமே கடைசியாக வந்தமை தற்செயலாயினும் பொருத்தமானதே. விற்பனை வரியே அறியாத நியூ ஹம்ப்சயர் மட்டும், தன் வணிகர் பிறர்க்கு வரி சேகரிப்பதா எனச் சினந்து, அவர்களிடம் பிறமாநிலங்கள் விவரங் கேட்பதைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை 2019இல் இயற்றிக்கொண்டது.

200 கொடுக்கல் வாங்கல்கள் என்னும் அளவு சிறு வணிகரை வருத்துவதாக முறையீடுகள் எழுந்தமையால், தென் டக்கோட்டா 2023 ஜூலையில் அதனை நீக்கி, 100,000 டொலர் என்னும் அளவை மட்டும் வைத்துக்கொண்டது. அவ்வளவுக்குக் கீழே பிறமாநிலத்திலிருந்து நேரடியாக விற்பவர் வரி கேட்பதில்லை. அவரிடம் ஒரு மேசை விரிப்பை வாங்கும் தென் டக்கோட்டாவாசி, 1935இன் சட்டத்தில் வாஷிங்ரன்வாசி நின்ற அதே இடத்தில் நிற்கின்றார். விரிப்பு மேசைமேல் விரிக்கப்பட்டதும் வரி பிறக்கின்றது. அதனைக் கணக்கிட்டு அனுப்பவேண்டியவர் அவரே.